எண்டர் தட்டித் தாண்டிய கேள்வி

விண்டோஸ் லெவன் இந்தக் கணினியில் ஏறாது என்று மெக்கானிக் நந்தகுமார் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, ஜோதிலட்சுமி கடை வாசலில் நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து பேர். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் மதிப்பெண் பட்டியல். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்து விண்ணப்பத் தளம் அவள் கணினியில் திறக்கவில்லை. உங்கள் பிரௌசர் பழையது, புதுப்பிக்கவும் என்று ஒரு வரி வந்து நின்றது. புதுப்பிக்கப் போனால், உங்கள் விண்டோஸ் பழையது என்று இன்னொரு வரி வந்தது.

“பெட்டியைக் கழட்டிக் காட்டட்டாக்கா? போர்டுல லெவன் கேக்குற சிப்பே கிடையாது. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி அப்படி ஒண்ணு வரும்னு எவனுக்குத் தெரியும்? இப்ப அது இல்லாதவனை உள்ளயே வுட மாட்டேன்றான்.”

“ராம் கூடப் போட்டா?”

“ராம் போட்டா இன்னா, லட்சுமணன் போட்டா இன்னா. ஏறாதுக்கா.”

வரிசையில் கடைசியாக நின்ற ஒரு தகப்பனார், அடுத்த தெருவில் இன்னொரு கடை இருப்பதாக மகளிடம் மெல்லச் சொன்னார். ஐந்து பேர் மூன்று பேரானார்கள்.

“சரி, புதுசு போடு” என்றாள் ஜோதிலட்சுமி.

லஸ் முனையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கும் ஹனீஃபாவின் பைண்டிங் கடைக்கும் நடுவே இருந்தது அந்த எட்டுக்குப் பத்து அறை. பலகையில் மூன்று தொழில்கள் எழுதியிருந்தன: ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் ஜாதகம். மூன்றாவதில்தான் அவளுக்குப் பெயர். ஜோதிடம் அவளுக்குத் தெரியாது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பதினாறு பக்கம் வரும். ஸ்பைரல் போட்டு, மேலே பிள்ளையார் படம் ஒட்டிய அட்டை வைத்துக் கொடுப்பாள். பலன் கேட்பவர்களிடம், “அதெல்லாம் ஜோசியர்கிட்ட. நான் டைப்பிஸ்ட்” என்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை புதிய கணினி வந்தது. பழையதை ஸ்பேர் பாகங்களுக்காக எடுத்துக்கொள்வதாக நந்தகுமார் பேசியிருந்தான். மேசையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய ஜாதக சிடியைப் புதியதில் போட்டான். திறக்கவில்லை. அதை விற்ற கும்பகோணத்துக்காரரின் எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்து, இது பால் டெப்போ என்றார்கள். கடைசியில் இணையத்திலிருந்து ஒரு புதிய ஜாதகச் செயலியை இறக்கினான்.

“ஒண்ணு போட்டுப் பாருக்கா. உன் ஜாதகமே போடு.”

அவளுக்குத் தன் பிறந்த நேரம் தெரியாது. மகளுடையது மனப்பாடம். தை மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது, சென்னை. கபாலீஸ்வரர் கோயில் தெப்பத்தின் முதல் நாள், தைப்பூசம். ஆஸ்பத்திரி ஜன்னலில் மேளம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பிறந்தவள் ஸ்ரீரஞ்சனி. இருபத்தேழு வருடமாக அவள் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்யும்போதெல்லாம் பூசம் என்றுதான் சொல்லி வந்தார்கள்.

திரையில் வந்தது: ஆயில்யம், முதல் பாதம்.

ஜோதிலட்சுமி சிரித்தாள். “நந்து, இது சரியில்லடா. தெப்பத்தன்னிக்குப் பொறந்தவளுக்கு ஆயில்யம்னு போடுது.”

“நேரத்தை மாத்தி அடிச்சிருப்பே.”

மாற்றி அடிக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் ஆயில்யம். பழைய கணினியை முடுக்கி, அதில் அடித்தாள். பூசம், நான்காம் பாதம். நந்தகுமார் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுக்கா, நெட் வேலை செய்யுதா, அத்தோட என் டூட்டி ஓவர்” என்று வண்டிச் சாவியை எடுத்தான்.

“பழசை இப்ப எடுத்துட்டுப் போகாதே” என்றாள்.

“ஏன்?”

“ரெண்டு நாள் இருக்கட்டும்.”

வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரஞ்சனிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை நிரஞ்சன், அண்ணா சாலையில் ஒரு கட்டட நிறுவனத்தில் பொறியாளர். நந்தனத்தில் அவனும் அவன் அம்மா மீனாட்சியும் மட்டும்தான். அப்பா இல்லை. பழைய கணினியில் எடுத்த ஜாதகத்தைக் கொடுத்து, அவர்கள் பார்த்து, பத்துக்கு ஏழு பொருத்தம் என்று சொல்லி முடிவான சம்பந்தம். பெண் பூசம் என்று நினைத்து முடித்தது. ஆயில்ய நட்சத்திரத்துப் பெண் மாமியாருக்கு நல்லதில்லை என்று நம்புகிறவர்கள் மைலாப்பூரில் எத்தனை பேர் என்பது இந்தக் கடையில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சொல்லை முதல் பக்கத்தில் பார்த்ததும் முகம் சுருங்கிய தாய்மார்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். ஆயில்யமாம்மா, கொஞ்சம் நாள் ஆகும், பொறுமையா இருங்க என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை காலை செயலிக்காரர்களின் உதவி எண்ணுக்கு அடித்தாள். எடுத்த பெண் அவசரத்தில் இருந்தாள்.

“மேடம், செட்டிங்ஸ்ல பஞ்சாங்கம்னு இருக்கும், பாருங்க. டிஃபால்ட்டா திருக்கணிதம் இருக்கும். உங்களுக்கு வாக்கியம் வேணும்னா மாத்திக்கலாம்.”

“மாத்தினா நட்சத்திரமே மாறுமா?”

“எல்லாருக்கும் மாறாது மேடம். நட்சத்திரம் முடியுற நேரத்துல பொறந்தவங்களுக்கு மட்டும். ரெண்டுக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி வித்தியாசம் வரும்.”

“எது சரி?”

“அது கஸ்டமர் சாய்ஸ் மேடம்.”

ஜோதிலட்சுமி பழைய கணினியின் முன் உட்கார்ந்து ஜாதக நிரலை முதலிலிருந்து திறந்தாள். நீலத் திரை. பதினைந்து வருடங்களுக்கு முன் அதைப் போட்டுக் கொடுத்த கும்பகோணத்துக்காரர், முதல் ரெண்டு ஸ்க்ரீன்லயும் எண்டர் தட்டிட்டே போங்கம்மா, மூணாவதுலதான் நமக்கு வேலை என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் தட்டிக்கொண்டே போனாள். அந்த விரலுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. இப்போது முதல் முறையாகத் தட்டாமல் படித்தாள். கணித முறை: ஒன்று, வாக்கியம். இரண்டு, திருக்கணிதம். ஒன்றின் மேல் ஒரு சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

இரண்டைத் தட்டினாள். பழைய கணினி ஆயில்யம் என்றது. புதியதில் போய் வாக்கியம் என்று மாற்றினாள். புதிய கணினி பூசம் என்றது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே எந்தத் தகராறும் இல்லை.

வாக்கியம், திருக்கணிதம் என்ற சொற்கள் அவளுக்குப் புதிதல்ல. சனிப்பெயர்ச்சிக்குக் கோயிலில் ஒரு தேதியும் பத்திரிகையில் இன்னொரு தேதியும் வரும்போது எல்லோரும் பேசுவதுதான். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணக்கிடுவது ஒன்று, வானத்தில் கோள் நிற்கும் இடத்தைப் பார்த்துத் திருத்திக் கணக்கிடுவது மற்றொன்று. பெரும்பாலும் கோயில்கள் முதலாவதில் நடக்கின்றன. அவள் பார்த்தவரை கைபேசிகள் இரண்டாவதில் நடந்தன. அந்தச் சண்டை தன் மேசையின் மேல் நடந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அன்று ஜாதகம் எடுக்க வந்த முதல் ஆளிடம், “வாக்கியமா, திருக்கணிதமா?” என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். “எது நல்லா வரும்?”

“ரெண்டும் பதினாறு பக்கம்தான்.”

“அப்ப எதுல அரசு வேலை இருக்குதோ, அதைக் குடும்மா.”

பக்கத்துக் கடை ஹனீஃபா டீ டம்ளரோடு வந்து, பிரிந்து கிடந்த தாள்களைப் பார்த்து நின்றார். விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“உங்களுக்கு நட்சத்திரம், எங்களுக்குப் பிறை. வருசத்துக்கு ரெண்டு தடவை இதே பஞ்சாயத்து. எங்க மச்சான் வீட்டுல கணக்குப் போட்டு ஒரு நாள் முன்னாடி பெருநாள். எங்க வீட்டுல பிறை பாத்தாத்தான். ரெண்டு வீட்டு பிரியாணியும் சாப்பிடுறவன் நான் ஒருத்தன்.”

“பிரியாணி இல்ல பாய். பொண்ணு கல்யாணம்.”

“தெரியுது. நீ எந்தப் பெட்டியில போட்ட ஜாதகத்தைக் குடுத்தே? பழசுல. அதை நந்து தூக்கிட்டுப் போவப் போறான். கேட்டா அதுல அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லு. பொய்யா அது? இல்லையே.”

“முதல் பக்கத்துல நேரம் இருக்கு பாய். போன்ல எவனாவது அடிச்சுப் பாத்தா ஆயில்யம்னு வரும்.”

“எவன் அடிச்சுப் பாக்கப் போறான்?”

அரை மணி நேரத்தில் அதற்குப் பதில் வந்தது. மீனாட்சி கைபேசியில் அழைத்தார். நீங்கள் கொடுத்த தாளில் மை மங்கலாக இருக்கிறது, என் அண்ணி வாட்ஸப்பில் கேட்கிறார், பிடிஎஃப் ஒன்று அனுப்ப முடியுமா என்றார். அண்ணிக்கு ஒரு ஆப் இருக்கிறதாம், அதில் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பாராம்.

“அனுப்புறேங்க” என்றாள் ஜோதிலட்சுமி. அனுப்பவில்லை.

வீட்டில் பாண்டுரங்கனிடம் சொன்னாள். மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற அவர், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“மூணு நாப்பதுன்னு யார் சொன்னது?” என்றாள் அவள்.

“நான்தான். நர்சு வந்து சொன்னா, நான் சுவத்துல கடிகாரத்தைப் பாத்தேன்.”

“அந்தக் கடிகாரம் சரியா ஓடுச்சா?”

“பொண்ணைப் பாத்தேனா, கடிகாரத்துக்குச் சாவி குடுத்தேனா? ஓடிக்கினு இருந்துச்சு.”

“நர்சு வெளிய வர எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?”

“ஜோதி, இருபத்தேழு வருசம் கழிச்சு ட்ரிப் ஷீட் கேக்காதே.”

ஸ்ரீரஞ்சனி அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். எட்டு மணிக்கு வந்தாள். முதலில் சிரித்தாள். நாலு வருஷமா என் ராசிபலனைத் தப்பா படிச்சிருக்கேன் என்றாள். ராசி மாறவில்லை, கடகம்தான் என்று அம்மா திருத்தினாள். பிறகு, மாப்பிள்ளையின் மாமி ஆப் வைத்திருப்பதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மாதமாகத் தினமும் நிரஞ்சனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் பேச்சில் சின்னதாக ஒரு திக்கல் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்குத் தெரியும்.

“எங்க லேப்ல ஒரே ரத்தத்தை ரெண்டு மிஷின்ல போட்டா ரெண்டு நம்பர் வரும்மா” என்றாள். “அதுக்காக ஒண்ணு பொய்னு ஆயிடாது. எந்த மிஷின்ல எடுத்தோம்னு ரிப்போர்ட்ல கீழ எழுதிடுவோம்.”

“எழுதிடலாம். அப்புறம் அவங்க கீழ படிச்சுட்டு வேணாம்னா?”

மகள் கவிழ்த்து வைத்த கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை கடையில் விண்ணப்பக் கூட்டம். புதிய கணினி மளமளவென்று வேலை செய்தது. பதினொரு மணிக்குள் ஒன்பது விண்ணப்பம் போனது. இடையிடையே அவள் பழையதின் பக்கம் திரும்பினாள். அதில் பதினைந்து வருடத்துப் பெயர்கள் இருந்தன. பெயர், நேரம், ஊர், ஒரு கைபேசி எண். ஓய்வு கிடைத்தபோது அந்தப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடினாள். தேடும்போதே வேண்டாம் என்று தோன்றியது.

ஆறு வருடங்களுக்கு முன் நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மீன் விற்கும் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மகள் கோமதிக்கு ஜாதகம். ஆயில்யம் நாலாம் பாதம் என்று வந்தது. அந்த அம்மா உடனே கிளம்பவில்லை.

“பத்து நிமிசம் தள்ளிப் போடும்மா. தாயம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும். நர்சு சொன்ன டைம்தானே? நர்சு இன்னா கடிகாரமா?”

“கம்ப்யூட்டர்ல அப்படி எல்லாம் மாத்த முடியாதும்மா. அது பொய் சொல்லாது.”

“நாலு எடம் வந்து போயிடுச்சும்மா.”

“நான் என்னம்மா பண்றது?”

இப்போது கோமதியின் நேரத்தைப் புதியதில், திருக்கணிதத்தில் போட்டாள். அடுத்த நட்சத்திரமான மகம், முதல் பாதம் என்று வந்தது. அந்த அம்மா கேட்ட பத்து நிமிடத்தைத் தள்ள வேண்டிய தேவையே இல்லை. வேறொரு கடைக்குப் போயிருந்தால் போதும். பட்டியலில் இருந்த எண்ணை அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை. கோமதிக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருக்கலாம். ஜோதிலட்சுமி அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஜெராக்ஸ் கேட்டு வந்தவருக்கு ஒரு பக்கத்துக்குப் பதில் ஒன்பது பக்கம் எடுத்துக் கொடுத்தாள்.

மீனாட்சியிடமிருந்து மறுபடி செய்தி வந்தது: பிடிஎஃப்?

புதிய செயலியில் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் பூசம் போய்ச் சேரும். யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த மெனுவைத் திறந்து, மூடி, திறந்தாள். கடைசியில் இரண்டையும் தாளில் அச்செடுத்தாள். வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று. நாளை நேரில் கொண்டுவருகிறேன் என்று பதில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை நந்தனம் போனாள். ஸ்ரீரஞ்சனி அடையாறிலிருந்து நேராக வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். வரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தும் வந்திருந்தாள்.

பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. மீனாட்சி ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்தார். பிறகு, “போன்ல அனுப்புற விஷயத்துக்கு ரெண்டு பேர் வந்திருக்கீங்க. என்னன்னு நேரா சொல்லுங்க” என்றார்.

ஜோதிலட்சுமி இரண்டு ஜாதகங்களையும் டீப்பாயில் வைத்தாள். கணினி மாற்றியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மீனாட்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோப்புகளை ஒப்பிடுவது போல இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

“தேதி ஒண்ணு. நேரம் ஒண்ணு. ஊர் ஒண்ணு. நட்சத்திரம் ரெண்டு. ஆபீஸ்ல இப்படி ஒரு ஃபைல் வந்திருந்தா கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். எது சரி?”

“ரெண்டும் சரின்றாங்க.”

“எங்க வீட்டுல திருக்கணிதம். நிரஞ்சனுக்கும் அதுலதான் எழுதினது.”

திருக்கணிதத் தாளின் மேல் விரலை வைத்தார்.

“முதல் பாதத்துக்குத் தோஷம் கிடையாதுன்னு போட்டிருக்குங்க. பதினோராம் பக்கத்துல” என்றாள் ஜோதிலட்சுமி.

“பதினோராம் பக்கம் வரைக்கும் எங்க அண்ணி போக மாட்டாங்க.” மீனாட்சி கண்ணாடியைக் கழற்றினார். “நான் இதெல்லாம் நம்புற ஆள் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவர் போனதுக்கப்புறம் ராத்திரி தலை சுத்துனா பயமா இருக்கு. கல்யாணத்துக்கப்புறம் தலை சுத்துனா, இந்த ஆயில்யம் எனக்கு ஞாபகம் வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியல.”

“அடிக்கடி சுத்துதா ஆன்ட்டி?” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

“எப்பவாவது.”

“சுகர் எவ்வளவு?”

“நூத்தி நாப்பதோ என்னவோ.”

“ஃபாஸ்டிங்கா, சாப்பிட்டா? கடைசியா எப்ப பாத்தீங்க?”

“தை மாசம்.” மீனாட்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏண்டி, நீ ஜாதகம் பேச வந்தியா, ரத்தம் எடுக்க வந்தியா?”

“கிட் பையிலதான் இருக்கு.”

மீனாட்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது முகத்தில் அதிக நேரம் தங்கவில்லை. ஜோதிலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

“இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். பூசத்தை அனுப்பியிருந்தா நான் எங்க கண்டுபிடிக்கப் போறேன்? அண்ணி ஆப்புல போட்டாலும், அது வேற கணக்குன்னு நீங்க சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“இருந்திருக்கலாம்.”

“ஏன் சொன்னீங்க?”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா பத்து நிமிஷம் மாத்தித் தரச் சொல்லிக் கெஞ்சினாங்க. மாட்டேன்னுட்டேன்.”

யார் அந்த அம்மா என்று மீனாட்சி கேட்கவில்லை. இரண்டு ஜாதகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை பாக்கலாம்” என்றார்.

பேருந்தில் ஜோதிலட்சுமி அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். “பாக்கலாம்னா வர்றேன்னு அர்த்தமா, யோசிக்கிறேன்னு அர்த்தமா?”

“என்னைக் கேட்டா? உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு.”

சனிக்கிழமை காலை நந்தகுமார் பழைய கணினியை எடுக்க வந்தான். பெயர்ப் பட்டியலை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். புதிய செயலி அதைத் திறக்காது, சும்மா எழுத்தாகப் படிக்கலாம் என்றான். ஜோதிலட்சுமிக்கு அது போதுமா போதாதா என்று தெரியவில்லை. மதியம் ஹால்காரர் இலைக் கணக்கு கேட்டார். அறுபதா எண்பதா என்று சொல்ல முடியாமல், மாலையில் சொல்வதாகச் சொன்னாள். மாலையில் மகளின் கைபேசிக்கு நிரஞ்சனிடமிருந்து செய்தி வந்தது: அம்மா எதுவும் பேசல. காலையிலேர்ந்து அலமாரியை எல்லாம் துடைச்சுக்கிட்டே இருக்காங்க.

அறுபது என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டு எண்பது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மாடவீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஹால் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. முதல் காரிலிருந்து அண்ணி இறங்கினார். கனத்த பட்டுப் புடவை, கையில் கைபேசி. பின்னால் தட்டுகள் இறங்கின. இரண்டாவது காரிலிருந்து நிரஞ்சன் இறங்கினான். கடைசியாக மீனாட்சி. ஜோதிலட்சுமி அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். “வாங்க” என்றாள். “வந்துட்டோம்” என்றார் மீனாட்சி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தட்டு மாற்ற அண்ணியும் அவர் கணவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். மீனாட்சி தானாகவே இரண்டாவது வரிசையில், ஓரத்து நாற்காலிக்குப் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஸ்ரீரஞ்சனியை மணையில் உட்கார வைத்தார்கள். ஐயர் மஞ்சள் பிள்ளையாருக்குப் பூப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பொண்ணு நட்சத்திரம்?”

வெள்ளிக்கிழமையிலிருந்து ஜோதிலட்சுமி பூசம் என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். மீனாட்சியிடம் இரண்டையும் கொடுத்துவிட்ட பிறகு அந்த ஒன்றைத் தானே எடுத்துச் சொல்ல அவளுக்கு வரவில்லை. பாண்டுரங்கன் மனைவியைப் பார்த்தார். ஸ்ரீரஞ்சனி தன் கையில் இருந்த தேங்காயைப் பார்த்தாள்.

“நட்சத்திரம் சொல்லுங்கோ, நேரமாறது” என்றார் ஐயர்.

“ஆயில்யம்.”

குரல் இரண்டாவது வரிசையிலிருந்து வந்தது. மீனாட்சி எழுந்திருக்கவில்லை. “ஆயில்யம், கடக ராசி” என்றார் மறுபடியும், கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி.

அண்ணி உடம்போடு திரும்பினார். “பூசம்னுல்ல சொன்னே?”

“அது வாக்கியத்துல. நம்ம வீட்டுல திருக்கணிதம் அண்ணி.”

“மீனா, ஆயில்யம்னா மாமியாருக்கு…”

“மாமியார் நான்தானே. நீங்க தட்டை எடுங்க.”

ஐயருக்கு வேறு இடத்திலும் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. ஆயில்யத்தை வடமொழியில் ஆச்லேஷா நக்ஷத்ரே என்று உரக்கத் தொடங்கிவிட்டார். நிரஞ்சன் எதையோ சொல்ல வந்து, முதல் எழுத்திலேயே திக்கி, விட்டுவிட்டான். ஸ்ரீரஞ்சனி நிமிர்ந்து இரண்டாவது வரிசையைத் தேடினாள். மீனாட்சி அவளைப் பார்க்காமல் கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

தட்டு மாறியது. லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். ஜோதிலட்சுமி பாக்கு எடுக்கும்போது இரண்டு கீழே விழுந்தன. யாரோ ஊதுபத்திக் கொத்து ஒன்றைப் புதிதாகக் கொளுத்தினார்கள். புகை ஓரத்து நாற்காலியின் பக்கம் போயிற்று.

மீனாட்சி இருமினார்.

ஹாலில் பேச்சு நின்றது. முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அண்ணி வெற்றிலைத் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மீனாட்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “என்ன?” என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, எச்சிலை விழுங்கி, கைக்குட்டையை வாயில் அழுத்திப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு முறை இருமினார்.